சுரங்கத்தின் சாவி யார் கையில்?

இணையத்தில் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் வி.பி.என். சேவைகள் பெருகிவிட்டன. எடை போடத் தெரியாமல் வாங்குகிறவர், திருடனுக்குப் பயந்து வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்தவர் ஆகிவிடுகிறார்.

திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். கேரளத்தில் அபூர்வமாகக் காணப்படும் வராகமூர்த்தி கோயில், அதையொட்டிப் பரந்து கிடக்கும் குளம், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து ஒலிக்கும் தெருக்கள். நகரத்தின் பழைய முகம் இங்கு இன்னும் முழுசாக மறைந்துவிடவில்லை.

பழைமையெல்லாம் வாசலோடு சரி. வீட்டுக்குள் இணையம் வந்துவிட்டது. 1990-ல் கழக்கூட்டத்தில் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இந்த நகரத்தின் இளைஞர்களில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது. விமான நிலையம் சில கிலோமீட்டரில். பக்கத்து மணக்காட்டில் ஐக்கிய அரபு எமிரேட்சின் துணைத் தூதரகம், 2016-ல் திறக்கப்பட்டது. வளைகுடாவில் பிள்ளையோ மருமகனோ இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் அபூர்வம்.

இப்படிப்பட்ட வீடுகளில் மூன்று எழுத்துகள் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக நுழைந்திருக்கின்றன: வி.பி.என். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் வீட்டிலிருந்தபடி அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைய அதைப் பயன்படுத்துகிறார். துபாயிலிருக்கும் மகளுடன் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச அது வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அப்பாவின் செல்போனிலோ, 'இலவசம், முழுப் பாதுகாப்பு' என்ற விளம்பரத்தை நம்பி இறக்கிக்கொண்ட செயலி ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் மூன்றிலும் உள்ள ஆபத்து ஒன்றல்ல.

இடம் மாறும் பார்வை

வி.பி.என். என்பதை மெய்நிகர் தனி வலையமைப்பு என்று தமிழாக்கலாம். சங்கதி எளிமையானது. சாதாரணமாக ஒருவர் செல்போனில் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அவருக்கு இணைப்பு தரும் நிறுவனத்துக்கு அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார், எப்போது போகிறார் என்பது தெரியும். வி.பி.என். போட்டுக்கொண்டால், அவருடைய கருவியிலிருந்து வேறொரு ஊரிலோ வேறொரு நாட்டிலோ உள்ள சர்வர் வரை சங்கேத மொழியில் ஒரு சுரங்கப் பாதை அமைகிறது. இணைப்பு தரும் நிறுவனத்துக்குச் சுரங்கத்தின் வாசல் மட்டுமே தெரியும். உள்ளே போவது தெரியாது. அந்தப் பக்கத்திலிருக்கும் தளத்துக்கோ, வந்தவர் ஸ்ரீவராகத்திலிருந்து வருகிறார் என்று தெரியாது. சர்வரின் முகவரிதான் தெரியும்.

விளம்பரங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் சுரங்கத்துக்கு இன்னொரு வாசல் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பது வி.பி.என். கம்பெனி. இதுவரை ஜியோவோ ஏர்டெல்லோ பி.எஸ்.என்.எல்லோ பார்த்ததை இனி அது பார்க்கும். அதாவது, கண்காணிக்கும் வாய்ப்பு ஒழிவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுகிறது. முன்னவருக்கு இந்தியாவில் அலுவலகம், உரிமம், புகார் செய்ய ஓர் இடம் எல்லாம் உண்டு. பின்னவர் பனாமாவிலோ பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலோ பதிவு செய்யப்பட்ட, முகம் தெரியாத நிறுவனமாக இருக்கலாம். ஆகவே ஒரு வி.பி.என். சேவையை மதிப்பிடுவது என்பது அடிப்படையில் ஒரே ஒரு கேள்விதான்: இவரை நம்பலாமா?

பூட்டுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2011-ல் பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே வாயைப் பிளந்தது. அது தொடர்பான வழக்கில் விவாதிக்கப்பட்டது கதவுகளின் பலம் அல்ல. சாவி யாரிடம், கணக்கு யாரிடம், அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது யார் என்பவைதான் கேள்விகள். முன்னாள் தலைமைத் தணிக்கை அதிகாரி வினோத் ராய் 2014-ல் கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்ய நியமிக்கப்பட்டது அதனால்தான். வி.பி.என். விஷயத்திலும் கேட்க வேண்டியவை இதே கேள்விகள்.

டெல்லியிலிருந்து வந்த உத்தரவு

இந்தியாவில் இந்தக் கேள்விகள் சூடுபிடித்தது 2022-ல். அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வி.பி.என். சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், அவருக்கு ஒதுக்கிய இணைய முகவரிகள், எதற்காகச் சேவையை வாங்கினார் என்ற விவரம் ஆகியவற்றைச் சேகரித்து, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றது அது. அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் பிறகு வந்தது.

அரசின் வாதத்தில் நியாயமில்லாமல் இல்லை. முகவரியை மறைத்துக்கொண்டு செய்யப்படும் குற்றங்கள் பெருகிவிட்டன. 2025 மார்ச்சில் திருவனந்தபுரம் கலெக்டர் அலுவலகத்துக்கே மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. குண்டு எதுவும் கிடைக்கவில்லை. சோதனை நடந்துகொண்டிருந்தபோது கலைந்த தேனீக்கள் போலீசாரையும் ஊழியர்களையும் கொட்டித் தீர்த்ததுதான் மிச்சம். இப்படிப்பட்ட மின்னஞ்சல்களை அனுப்பியவரைத் தேடிப் போகும் போலீசார் ஏதோ ஓர் ஐரோப்பிய சர்வரின் வாசலில் போய் முட்டி நிற்பது வழக்கமாகிவிட்டது.

எதிர்த் தரப்பின் வாதத்திலும் வலு இருக்கிறது. ஒரு சிலர் செய்யும் குற்றத்துக்காக எல்லா வாடிக்கையாளர்களின் விவரங்களையும் ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்தால், அந்தக் குவியலே திருடர்களுக்குப் புதையல் ஆகும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதை ஒட்டி 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. மாலை நேரத்தில் செல்போனை ஒப்படைக்க மறுத்ததற்காக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமையும் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று அது கூறியது.

செர்ட்-இன் விதிகளைப் பின்பற்ற விரும்பாதவர்கள் இந்தியாவை விட்டுப் போகலாம் என்று 2022 மே மாதத்தில் அப்போதைய மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாகச் சொன்னார். (இவர்தான் 2024-ல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டு, சசி தரூரிடம் 16,077 ஓட்டுகளில் தோற்றவர்.) கம்பெனிகள் அவர் சொன்னபடியே செய்தன. ஜூன் மாதத்தில் எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டுவி.பி.என். ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றுவதாக அறிவித்தன. செப்டம்பரில் புரோட்டானும் அதே வழியில் போனது. விதிகளை நடைமுறைப்படுத்த நீட்டிக்கப்பட்ட கெடு அந்த மாதம் 25-ம் தேதியோடு முடிந்தது.

கடைகளின் அலமாரியிலிருந்தும் சில சேவைகள் காணாமல் போயின. மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவை அடுத்து, ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் இந்தியாவுக்கான தங்கள் செயலிக் கடைகளிலிருந்து பல வி.பி.என். செயலிகளை நீக்கிய செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. வி.பி.என். பயன்படுத்துவதே குற்றம் என்று நாடு தழுவிய சட்டம் ஏதும் இல்லை. ஆனால் ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் 2025-ல் மாவட்ட நிர்வாகங்கள் தற்காலிகத் தடை விதித்தன. குற்றம் செய்வதற்கு அதைப் பயன்படுத்தினால், எந்த ஊரிலும் குற்றம் குற்றமே.

முதல் எடைக்கல்: அந்தரங்கம்

எல்லாக் கம்பெனிகளும் ஒரே மந்திரத்தைத்தான் உச்சரிக்கின்றன: 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை.' இதை எப்படிச் சோதிப்பது? வீட்டிலிருந்து சோதிக்க முடியாது என்பதுதான் உண்மை. சர்வருக்குள் என்ன நடக்கிறது என்பது வாடிக்கையாளரின் கண்ணுக்கு எட்டாது. எனவே கம்பெனியின் பேச்சை விட்டுவிட்டு அதன் பழைய கதையைப் பார்க்க வேண்டும். நெருக்கடி வந்தபோது அது என்ன செய்தது?

சில கதைகள் எச்சரிக்கை. 2017-ல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையம் வழியே துன்புறுத்தியவர் பிடிபட்டார். அவரைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று, பதிவுகள் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த பியூர்வி.பி.என். கம்பெனியின் பதிவுகள். குற்றவாளி பிடிபட்டது நல்ல விஷயம். ஆனால் இல்லை என்று சொன்ன பதிவு எப்படி இருந்தது என்ற கேள்வி மிச்சம். 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த 7 இலவச வி.பி.என். செயலிகளின் தகவல் கிடங்கு பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இவையும் பதிவு வைக்காதவை என்று சொல்லிக்கொண்டவைதான். உள்ளே இருந்ததோ 1.2 டெராபைட் தகவல்: மின்னஞ்சல்கள், பாஸ்வேர்டுகள், யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரங்கள்.

சில கதைகள் ஆறுதல். துருக்கியில் ரஷ்யத் தூதர் 2016 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், எக்ஸ்பிரஸ்வி.பி.என். பயன்படுத்திய ஒரு சர்வரைப் புலனாய்வாளர்கள் கைப்பற்றினார்கள். அதிலிருந்து வாடிக்கையாளர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீசார் சோதனை வாரண்டுடன் முல்வாட் கம்பெனியின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். கேட்ட தகவல் அங்கே இருக்கவில்லை, வெறுங்கையோடு திரும்பினார்கள். இப்படிக் கோர்ட்டிலும் சோதனையிலும் நிரூபணமான சொல்லுக்கு நூறு விளம்பரங்களைவிட மதிப்பு அதிகம்.

அடுத்தது தணிக்கை. டெலாய்ட், கே.பி.எம்.ஜி. போன்ற பெரிய நிறுவனங்களைக் கொண்டு சில கம்பெனிகள் தங்கள் சர்வர்களைச் சோதிக்கச் செய்து அறிக்கை வெளியிடுகின்றன. இது நல்ல அறிகுறி. ஆனால் தணிக்கை என்பது ஒரு நாளில் எடுத்த புகைப்படம் மாதிரி. மறுநாள் காட்சி மாறலாம். ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிறதா, முழு அறிக்கையும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

முதலாளி யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். பலவிதப் பெயர்களில் உலவும் சேவைகள் பல ஒரே குடையின் கீழ் இருப்பவை. 2021-ல் கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் 93.6 கோடி டாலருக்கு எக்ஸ்பிரஸ்வி.பி.என்.ஐ வாங்குவதாக அறிவித்தது. சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவை ஏற்கெனவே அதனிடம் இருந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், வி.பி.என். சேவைகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் பிரபல விமர்சனத் தளங்கள் சிலவற்றையும் அதே நிறுவனம் அதே ஆண்டில் வாங்கியிருந்தது. பரீட்சை எழுதுபவரும் பேப்பர் திருத்துபவரும் ஒரே வீட்டில்! 'உலகின் முதல் 10 வி.பி.என்.கள்' என்ற பட்டியலைப் பார்க்கும்போது அந்தப் பட்டியலின் சொந்தக்காரர் யார் என்று கேட்பது சந்தேகப் புத்தி அல்ல, சாதாரண விவேகம்.

இலவசத்தின் விலை

இலவச செயலிகளின் கணக்கு வேறு. சர்வர்களுக்கு வாடகை உண்டு, மின்சாரத்துக்குக் கட்டணம் உண்டு. வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் வேறு யாரோ தருகிறார்கள். ஏன் தருகிறார்கள்?

ஃபேஸ்புக் 2013-ல் ஓனாவோ என்ற கம்பெனியை வாங்கியது. அதன் இலவச வி.பி.என். செயலி மக்களின் தகவல்களைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டது. பின்னணியில், அவர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. போட்டிக் கம்பெனிகளின் வளர்ச்சியை அளக்க அது உதவியது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து வெளியேறிய அந்தச் செயலி, அடுத்த ஆண்டு மூடப்பட்டது. வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2023-ல் ஆஸ்திரேலியக் கோர்ட் மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இன்னொரு இலவச சேவை, தன் வாடிக்கையாளர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது 2015-ல் அம்பலமானது. யாரோ ஓர் அந்நியர் செய்யும் காரியம், ஸ்ரீவராகத்து வீட்டின் முகவரியிலிருந்து செய்ததாகப் பதிவானால் எப்படி இருக்கும்?

ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-ல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவிகிதத்தில் தீங்கிழைக்கும் மென்பொருளின் அறிகுறிகள் இருந்தன. 75 சதவிகிதத்தில் பயனரைப் பின்தொடரும் வெளியாரின் நிரல்கள். 18 சதவிகிதம் தகவலைச் சங்கேத மொழிக்கு மாற்றவே இல்லை. சுரங்கம் என்று சொல்லித் திறந்த வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். இலவசங்கள் எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது. கட்டணம் செலுத்துவோரின் பணத்தில், வேகத்தையும் வசதிகளையும் குறைத்து இலவசமாகத் தரும் கண்ணியமான சேவைகள் உண்டு. செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்வதுதான் அவற்றின் அடையாளம்.

இரண்டாவது எடைக்கல்: பாதுகாப்பு

பதிவு விஷயத்தைப் போலன்றி, பாதுகாப்பில் சிலவற்றை வீட்டிலேயே சோதிக்கலாம். முதலாவது, சுரங்கம் கட்டும் முறை. மைக்ரோசாஃப்ட் தயவில் 1996-லிருந்து பரவிய பி.பி.டி.பி. என்ற முறை காலாவதியாகிவிட்டது. 2012-லேயே அதன் பூட்டை உடைக்கும் வழி பகிரங்கமாகிவிட்டது. இன்று நம்பத்தக்கவை 2001-ல் வந்த ஓபன்வி.பி.என்., 2020-ல் லினக்ஸின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டு ஆகிய இரண்டும். வயர்கார்டின் நிரல் சுமார் 4,000 வரிகள்தான். சிறியதாக இருப்பதால் நிபுணர்கள் முழுவதையும் படித்துப் பிழை தேட முடிகிறது. செயலியின் அமைப்புகளில் இந்தப் பெயர்கள் இல்லையென்றால் யோசிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, கசிவு. ஒவ்வொரு தளத்தின் பெயரையும் எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாடு இருக்கிறது. இந்தக் கேள்விகள் சுரங்கத்துக்கு வெளியே போனால், யார் எங்கே போகிறார் என்பது பழையபடி இணைப்பு நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். அதேபோல ஐ.பி.வி.6 என்ற புதிய வகை முகவரி. இந்தியாவில் செல்போன் இணைப்புகளில் அது வெகுவாகப் பரவிவிட்டது. பழைய வகை முகவரியை மட்டும் மறைக்கும் வி.பி.என். முன் கதவைப் பூட்டிப் பின் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம். மேலே சொன்ன ஆய்வில் 84 சதவிகித செயலிகள் ஐ.பி.வி.6 போக்குவரத்தைச் சுரங்கத்துக்குள் கொண்டுவரவில்லை. இரண்டு கசிவுகளையும் காட்டும் இலவசச் சோதனைத் தளங்கள் இருக்கின்றன. வி.பி.என். ஓடும்போது சோதித்துப் பார்த்தால், வீட்டு இணைப்பு நிறுவனத்தின் பெயர் திரையில் எங்கும் தோன்றக்கூடாது.

மூன்றாவது, சுரங்கம் அறுந்தால் என்ன ஆகும் என்பது. மின்வெட்டிலோ, வைஃபையிலிருந்து செல்போன் இணைப்புக்கு மாறும் நொடியிலோ வி.பி.என். துண்டிக்கப்படலாம். அப்போது இணையத்தையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளிலேயே, வி.பி.என். எப்போதும் ஓட வேண்டும், அது இல்லாதபோது இணைப்பே கூடாது என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. நடுவில் வி.பி.என்.ஐ வேண்டுமென்றே துண்டித்து, பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டை வரும். நார்டுவி.பி.என். ஃபின்லாந்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வருக்குள் 2018-ல் அந்நியர் நுழைந்தது, 2019 அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. 2024 மே மாதத்தில், வைஃபை ரூட்டரைக் கைப்பற்றிய ஒருவர் தகவலைச் சுரங்கத்துக்கு வெளியே திருப்பிவிட முடியும் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். ஆண்ட்ராய்டு மட்டும் அதற்குத் தப்பியது. ஓட்டையே இல்லாத கம்பெனி கிடையாது. தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு அடைக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

மூன்றாவது எடைக்கல்: வேகம்

வேகத்தில் ஏமாற்றுவது கடினம். ஏனென்றால் இங்கே நீதிபதி இயற்பியல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. போய் வர 6,000. அதாவது குறைந்தபட்சம் 30 மில்லி வினாடி. லண்டன் 8,000 கி.மீ.க்கு மேல், போய் வர 80 மில்லி வினாடிக்குக் குறைய வாய்ப்பே இல்லை. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் அதிகமாகும்.

2022-க்குப் பிறகு இந்தக் கணக்குக்கு இந்தியாவில் தனி முக்கியத்துவம் வந்துவிட்டது. வெளியேறிய கம்பெனிகள் சில, 'இந்திய' முகவரி தரும் சர்வர்களை வெளிநாட்டில் வைத்திருக்கின்றன. எக்ஸ்பிரஸ்வி.பி.என். அப்படித் தேர்ந்தெடுத்த இடங்கள் சிங்கப்பூரும் பிரிட்டனும். விளைவு: ஸ்ரீவராகத்திலிருந்து மும்பையிலுள்ள ஒரு பங்கு வர்த்தகத் தளத்தைத் திறப்பவரின் கோரிக்கை முதலில் கடல் தாண்டி சிங்கப்பூர் போய், அங்கிருந்து மும்பைக்குத் திரும்பி வருகிறது. சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது. வீடியோவில் பேசுபவருக்கும், ஆன்லைன் விளையாட்டு ஆடும் பையனுக்கும் உடனே தெரிந்துவிடும்.

அளக்கும் முறையும் முக்கியம். வி.பி.என். இல்லாமல் ஒரு முறை, போட்டுக்கொண்டு ஒரு முறை, இரண்டையும் ஒரே சோதனைச் சர்வரில் பார்க்க வேண்டும். காலை, மதியம், எல்லோரும் வலையில் இருக்கும் இரவு 9 மணி என்று மூன்று வேளையும், சில நாட்கள் தொடர்ந்து அளக்க வேண்டும். கம்பெனிகள் பறைசாற்றும் உச்ச வேகத்தைவிட, இரவு 9 மணிக்குக் கிடைக்கும் குறைந்த வேகம்தான் வாழ்க்கைக்கு உதவும். இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், பதில் வர ஆகும் நேரம் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. பணம் திருப்பித் தரும் உத்தரவாதக் காலத்துக்குள் இதை முடித்துவிட்டால் நஷ்டமில்லை.

எல்லை தாண்டினால் சட்டமும் மாறும்

இந்த மூன்று எடைக்கற்களுக்கும் வெளியே, வளைகுடா உறவுள்ள குடும்பங்கள் மறக்கக்கூடாத நான்காவது ஒன்று உண்டு: சட்டம். ஐக்கிய அரபு எமிரேட்சில் வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் குரல், வீடியோ அழைப்புகள் பல ஆண்டுகளாகத் தடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. வி.பி.என். போட்டால் கிடைத்துவிடும் என்பதால் பலர் அந்தக் குறுக்கு வழியை நாடுகிறார்கள். இணைய முகவரியை மறைத்துக்கொண்டு குற்றம் செய்வதற்கோ, செய்த குற்றத்தை மூடி மறைப்பதற்கோ அங்கே சிறைத் தண்டனையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. 2016-ல் கடுமையாக்கப்பட்ட இந்த விதி, 2021-ன் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கம்பெனிகளும் வங்கிகளும் அலுவலகக் காரியங்களுக்காக வி.பி.என். பயன்படுத்தத் தடையில்லை. அனுமதிக்கப்பட்ட அழைப்புச் செயலிகளும் இருக்கின்றன. பாட்டி பேரனின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். அதற்காக, மாதச் சம்பளத்துக்குப் போயிருக்கும் மருமகனை லட்சக்கணக்கான திர்ஹம் அபராதத்தின் நிழலில் நிறுத்த வேண்டியதில்லை.

தடைகள் எப்போதும் பலிப்பதில்லை என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மக்கள் வி.பி.என். மூலம் நுழைந்தார்கள். மக்கள் மட்டுமல்ல, ராஜபக்ச அரசில் அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே தானும் வி.பி.என். பயன்படுத்துவதாகவும், இப்படிப்பட்ட தடைகள் பயனற்றவை என்றும் ட்விட்டரில் எழுதினார். அன்றைக்கே தடை விலக்கப்பட்டது.

யாருக்கு எது?

ஆக, ஸ்ரீவராகத்து வீட்டின் மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. டெக்னோபார்க் மகனுக்குத் தேர்வு செய்யும் வேலை இல்லை. கம்பெனி கொடுத்ததைப் பயன்படுத்துகிறார். அதில் போகும் எல்லாம் முதலாளியின் கண்ணில் படலாம் என்பதால், சொந்த விஷயங்களை அந்த இணைப்பில் வைத்துக்கொள்ளாமலிருப்பது உத்தமம். துபாய் மகளுக்கு முதல் தேவை அந்த நாட்டுச் சட்டம் பற்றிய தெளிவு.

அப்பாவுக்கு? பெரும்பாலான தளங்களும் வங்கிச் செயலிகளும் தகவலை ஏற்கெனவே சங்கேத மொழியில்தான் அனுப்புகின்றன. ரயில் நிலைய வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய பாஸ்வேர்டை எளிதில் எட்டிப் பார்த்துவிட முடியாது. அவரை உண்மையில் மிரட்டும் ஆபத்து, போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று பயமுறுத்துபவரும், ஓ.டி.பி. கேட்பவரும்தான். எந்த வி.பி.என்.னும் அவர்களைத் தடுக்காது. கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ தன் பெயரில் உள்நுழைந்துவிட்ட ஒருவரை அந்தக் கம்பெனிகளிடமிருந்து மறைக்கவும் அதனால் முடியாது. வெளிநாட்டு முகவரியிலிருந்து வருவதால் சில அரசுத் தளங்கள் திறக்காமல் போகும், வங்கி சந்தேகப்படும் என்பவை கூடுதல் தொல்லைகள்.

தன் நோயைப் பற்றித் தேடுவதோ, தான் படிக்கும் அரசியலோ இணைப்பு தருபவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் பிரஜைக்கு வி.பி.என். உண்மையாகவே உதவும். ஆதாரங்களைக் காக்க வேண்டிய பத்திரிகையாளருக்கும் அப்படித்தான். அவர்கள் காசு கொடுத்து, முதலாளி யார் என்று விசாரித்து, தணிக்கை அறிக்கையைப் படித்து, கசிவைச் சோதித்து வாங்கட்டும். மற்றவர்கள், செல்போனில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெயர் தெரியாத இலவச செயலியை இன்றைக்கே நீக்கிவிட்டால், பாதி அந்தரங்கம் தானாகத் திரும்பி வந்துவிடும்.